348 சென்ட் காந்தாரத்துக்கு என்ன பெயர்? வழக்கத்தில் இல்லாத சுர இடைவெளிகளை வகைப்படுத்த ஒரு முழு வழிகாட்டி

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் என்னிடம் வயலின் படிக்கும் பெண் ஒருத்தி, தன் அப்பத்தா பாடும் தாலாட்டைப் போனில் பதிந்து எடுத்து வந்தாள். வீட்டில் கீபோர்டும் வாசிப்பவள். "சார், இதுல வர்ற காந்தாரத்தை எந்தக் கட்டையில வைக்கறதுங்க? கறுப்புல வெச்சா ஒப்பாரி மாதிரி இருக்குது, வெள்ளையில வெச்சா வேற பாட்டாயிடுது" என்றாள்.

ஒருமுறை கேட்டுவிட்டு, "அந்தர காந்தாரந்தான் கண்ணு, வயசான குரல், கொஞ்சம் இறங்குது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் சுத்தமான அந்தர காந்தாரம், அதாவது காந்தாரத்தின் பெரிய வகை, வைத்து வாசித்தாள். சுருதி துல்லியமாகச் சேர்ந்தது, ஆனால் அப்பத்தாவின் பாட்டு அதில் இல்லை. அளக்காமலே பெயர் சொன்னது என் தவறு. அன்றைக்குத்தான் சென்ட் கணக்கை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். மேஜர் (பெரியது), மைனர் (சிறியது) என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காத இடைவெளிகளுக்கு மைக்ரோடோனல் இசை இலக்கணத்தில், அதாவது கட்டைகளுக்கு நடுவே வரும் நுண்சுரங்களின் இலக்கணத்தில், தனித்தனிப் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் அணுகினால் குழப்பம் வராது என்பதை, நம் சுரங்களைப் பிடித்துக்கொண்டே சொல்கிறேன்.

முதல் படி: சட்ஜத்திலிருந்து அளப்பது

சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரையுள்ள ஒரு ஸ்தாயியை 1200 பங்காக்கினால் ஒரு பங்குக்குச் சென்ட் என்று பெயர். அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் 1885-இல், பல நாட்டு இசை அளவுகளை ஒப்பிடுவதற்காக இந்த அளவைப் பயன்படுத்திக் காட்டினார். கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். இரண்டு அதிர்வெண்கள் தெரிந்தால் பெரியதைச் சிறியதால் வகுத்து, 1200 × லாக்(விகிதம்) ÷ லாக்(2) என்று போட்டால் சென்ட் கிடைத்துவிடும்.

டியூனர் ஆப் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. அது உங்கள் சட்ஜத்தைப் பார்க்காது, உலகப் பொதுச் சுருதியைப் பார்க்கும். அப்பத்தாவின் சட்ஜம் 200 ஹெர்ட்ஸ், காந்தாரம் 244.5 ஹெர்ட்ஸ். ஆப்பில் சட்ஜம் "ஜி, கூட 35" என்று வந்தது. காந்தாரம் "பி, குறைவு 17" என்று வந்தது. ஜி-யிலிருந்து பி நான்கு கட்டை, 400 சென்ட்; மேற்கத்திய பெயரில் மேஜர் தேர்ட், அதாவது அந்தர காந்தாரம். எழுத்தை மட்டும் பார்த்தால் என் அவசரத் தீர்ப்பு சரி என்றே தோன்றும். ஆனால் 400-இலிருந்து அந்த 35-ஐயும் 17-ஐயும் கழித்தால் மீதி 348. அந்தர காந்தாரத்தின் இயல்பான இடம் 386, சிறிய வகையான சாதாரண காந்தாரத்தின் இடம் 316. இரண்டுக்கும் நட்டநடுவில் நிற்கிறது இது.

ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அதே சுரம் வரும் ஐந்தாறு இடங்களை எடுங்கள். குரல் இறங்கி உட்காரும் இடத்தை மட்டும் எடுங்கள், ஏறிப்போகும் வழியை விட்டுவிடுங்கள். மனிதக் குரலில் ஐந்து சென்ட் இப்படி அப்படி இருப்பதை வேறு சுரமாக எண்ண வேண்டாம்.

இரண்டாம் படி: இது எந்தச் சுரத்தின் இடம்?

அளவு கையில் வந்ததும் பெயர் வைக்கக் கை பரபரக்கும். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது: பாட்டில் இந்த ஒலி ரிஷபமாக நடக்கிறதா, காந்தாரமாகவா, மத்தியமமாகவா?

கர்நாடக சங்கீதம் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஸ்தாயியில் இடங்கள் 12, பெயர்கள் 16. நாட்டையின் ஷட்சுருதி ரிஷபமும் கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரமும் ஆர்மோனியத்தில் ஒரே கட்டை. ஒன்றை ரி என்றும் மற்றதை க என்றும் சொல்வது, அதற்கு மேலும் கீழும் என்னென்ன சுரம் இருக்கின்றன என்பதைப் பார்த்துத்தான். மேற்கத்திய இலக்கணமும் அதே கட்டையை ஓரிடத்தில் ஆக்மென்டட் செகண்ட் என்கிறது, இன்னோரிடத்தில் மைனர் தேர்ட் என்கிறது. அளவு வேறு, இடம் வேறு. இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மீதி வழி நமக்குச் சுலபம். 72 மேளங்களை (தாய் ராகங்களை) உருப்போட்ட பிள்ளைகள், மேஜர் ஸ்கேல் மட்டும் தெரிந்த பிள்ளைகளைவிட வேகமாக இதைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை நானே பார்க்கிறேன்.

தாலாட்டில் இந்த ஒலிக்குக் கீழே தெளிவான ரிஷபம் ஒன்று 200-ஐ ஒட்டி நின்றது. மேலே பாட்டு நேராகப் பஞ்சமத்துக்குத் தாவியது. ஆகவே இது காந்தாரம், மேற்கத்திய கணக்கில் தேர்ட்.

இடம் தீர்மானிக்க முடியாத ஒலிகளும் உண்டு. 250 சென்ட் பக்கம் நிற்பது ரிஷபத்துக்கு மிகப் பெரிது, காந்தாரத்துக்கு மிகச் சிறிது. 450 அதேபோல காந்தாரத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் நிற்கும். இவற்றை இன்டர்ஆர்டினல் என்பார்கள். இரண்டு இடங்களுக்கு நடுவே நிற்பவை என்று பொருள். ஜாவா தீவின் ஸ்லெண்ட்ரோ ஐந்து சுர அடுக்கில் ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 240 சென்ட். அதை ரி, க என்று பிரிக்க முயல்வதே வீண்.

மூன்றாம் படி: பஞ்சமச் சங்கிலியில் ஏற்றிப் பார்ப்பது

மேஜர், மைனர், பெர்ஃபெக்ட், ஆக்மென்டட், டிமினிஷ்ட் என்ற ஐந்து குணப்பெயர்களும் பஞ்சமத்தின் மேல் பஞ்சமம் வைத்துக்கொண்டே போகும் கணக்கிலிருந்து வருபவை. 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருக்கும் சுத்த பஞ்சமம் 702 சென்ட். அதை அடுக்கி, ஸ்தாயியைத் தாண்டும்போதெல்லாம் 1200 கழித்தால் ஒவ்வொரு சுரமாகப் பிறக்கும்.

மேலே போனால் பஞ்சமம், சதுச்ருதி ரிஷபம், சதுச்ருதி தைவதம், அந்தர காந்தாரம், காகலி நிஷாதம், பிரதி மத்தியமம். கீழே போனால் சுத்த மத்தியமம், கைசிகி நிஷாதம், சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், சுத்த ரிஷபம். சட்ஜமும் அதன் இரு பக்கத்திலும் ஒரு படியும் பெர்ஃபெக்ட். மேலே 2 முதல் 5 படி வரை மேஜர். கீழே 2 முதல் 5 வரை மைனர். அதற்கும் மேலே போனால் ஆக்மென்டட், அதற்கும் கீழே போனால் டிமினிஷ்ட். நம் பிரதி மத்தியமம் ஆறாவது படி. அதனால்தான் அதற்கு அங்கே ஆக்மென்டட் ஃபோர்த் என்று பெயர்.

சங்கிலியில் கிடைக்கும் காந்தாரங்கள் 408-உம் 294-உம். தம்புராவின் மந்தர சட்ஜத் தந்தியில் ஐந்தாம் ஹார்மோனிக்காக (அடிப்படை அதிர்வின் ஐந்து மடங்காக) தானே பிறந்து ஒலிக்கும் அந்தர காந்தாரமோ 386. இந்த 22 சென்ட் வித்தியாசத்துக்குக் கமா என்று பெயர். 408, 386 இரண்டும் மேஜர்தான். ஒன்று அகன்றது, ஒன்று இயல்பாகச் சேர்வது. ஒரு கமா நகர்ந்ததற்காகக் குணப்பெயரை மாற்ற வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம், எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருவது. சங்கிலியில் எட்டுப் படி கீழே இறங்கினால் 384 சென்ட் கிடைக்கும். பரம்பரைப்படி அது டிமினிஷ்ட் ஃபோர்த், அதாவது மத்தியமத்தின் பிள்ளை. காதுக்கோ அது தம்புராவின் அந்தர காந்தாரம். இரண்டு சென்ட் வித்தியாசத்தை யார் கேட்பார்கள்? பெயர் சொல்லும்போது வம்சத்தைச் சொல்கிறோமா, அளவைச் சொல்கிறோமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மைக்ரோடோனல் விவாதங்களில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவர் வம்சத்தையும் மற்றவர் அளவையும் சொல்வதால் வருபவை.

நான்காம் படி: நடுவில் நிற்பவற்றுக்குப் பெயர்

சங்கிலி எட்டாத இடங்களுக்கு மூன்று கூடுதல் குணங்கள் புழக்கத்தில் உள்ளன: மைனரைவிடச் சிறியது சப்மைனர், மேஜரைவிடப் பெரியது சூப்பர்மேஜர், இரண்டுக்கும் நடுவில் நியூட்ரல். சங்கிலியை விட்டு அளவுக்கு வரும்போது இவை தேவைப்படுகின்றன.

காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். 7-க்கு 6 என்ற விகிதம் 267 சென்ட்: சப்மைனர். 6-க்கு 5 என்பது 316: மைனர். 11-க்கு 9 என்பது 347: நியூட்ரல். 5-க்கு 4 என்பது 386: மேஜர். 9-க்கு 7 என்பது 435: சூப்பர்மேஜர்.

இந்த எண்களைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். 267-உம் 435-உம் கூட்டினால் 702. 316-உம் 386-உம் கூட்டினாலும் 702. சங்கிலியின் 294-உம் 408-உம் அப்படியே. சட்ஜத்திலிருந்து காந்தாரம் எவ்வளவோ, காந்தாரத்திலிருந்து பஞ்சமம் மீதி. ஒவ்வொரு காந்தாரத்துக்கும் பஞ்சமத்துக்குள்ளேயே ஒரு ஜோடி இருக்கிறது. ஜோடியே இல்லாமல், தனக்குத்தானே ஜோடியாக இருப்பது சரிபாதியான 351 மட்டும். நியூட்ரல் என்ற சொல்லின் பொருள் அங்கேதான் இருக்கிறது: சட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் சமதூரத்தில் நிற்கும் காந்தாரம். கறுப்புக் கட்டையின் சோகமும் வெள்ளைக் கட்டையின் மலர்ச்சியும் அதில் இல்லாததற்குக் காரணம் இந்தச் சமதூரம்தான் என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஜோடிக் கணக்கைக் கொண்டே எல்லை போட்டுக்கொண்டேன். 255 முதல் 283 வரை சப்மைனர், 283 முதல் 332 வரை மைனர், 332 முதல் 370 வரை நியூட்ரல், 370 முதல் 419 வரை மேஜர், 419 முதல் 447 வரை சூப்பர்மேஜர். 351-ஐ நடுவாக வைத்து மடித்தால் இரு பக்கமும் பொருந்தும். இவை என் வேலைக்கு நான் வகுத்தவை. வேறொருவர் ஐந்தாறு சென்ட் தள்ளிப் போடலாம். ஆனால் மடித்தால் பொருந்தாத எல்லைகளை ஏற்காதீர்கள்.

மற்ற சுரங்களுக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நியூட்ரல் ரிஷபம் 150 பக்கம், சூப்பர்மேஜர் ரிஷபம் 231. தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் 1200-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள், குணத்தைத் திருப்பிப் போடுங்கள்: சூப்பர்மேஜர் ரிஷபத்தைத் திருப்பினால் 969 சென்ட் சப்மைனர் நிஷாதம். தம்புராவின் ஏழாம் ஹார்மோனிக் அதுவே. நியூட்ரலைத் திருப்பினால் நியூட்ரலே வரும்.

நியூட்ரல் காந்தாரம் ஏதோ நவீன காலத்து விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டாம். 8-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் வாழ்ந்த ஊத் என்ற தந்தி வாத்தியக் கலைஞர் ஸல்ஸல் தம் நடுவிரலுக்கு வகுத்த இடத்தை அல்-ஃபாராபி 27-க்கு 22 என்று எழுதிவைத்தார்: 355 சென்ட். அரபு நாடுகளில் ராஸ்த் என்ற மகாமின் (நம் ராகம் போன்றது) உயிரே இந்தக் காந்தாரம்தான். கொழிஞ்சாம்பாறை அப்பத்தாவுக்கும் பாக்தாத்துக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்லவில்லை. கட்டை வைத்த வாத்தியத்தோடு வளராத குரல், பஞ்சமத்தைப் பாதியாக வெட்டும் இடத்தில் நிற்பது இயற்கையானது என்பதே என் எண்ணம்.

ஐந்தாம் படி: மத்தியமமும் பஞ்சமமும் தனி வழக்கு

பெர்ஃபெக்ட் இடங்களுக்கு மேஜர், மைனர் இல்லை; ஆகவே நியூட்ரலும் இல்லை. சுத்த மத்தியமம் 498, பிரதி மத்தியமம் சங்கிலிக் கணக்கில் 612. நடுவில் 555. இங்கே நிற்பதைப் பாதி ஆக்மென்டட் ஃபோர்த் என்கிறார்கள். 11-க்கு 8 என்ற விகிதம், 551 சென்ட், இந்த வகை. 520 சென்ட் மத்தியமம், அதாவது 27-க்கு 20, ஒரு கமா அகன்ற பெர்ஃபெக்ட்டே. அதைப் பாதி ஆக்மென்டட்டில் சேர்க்காதீர்கள்.

பேகடாவின் மத்தியமம் சுத்த மத்தியமத்தைவிடச் சற்று ஏறி ஒலிப்பதும், வராளியின் மத்தியமம் பிரதி மத்தியமத்தையும் தாண்டிப் பஞ்சமத்தை நெருங்குவதும் பாடுகிறவர்களுக்குத் தெரியும். வராளிக்கு நம் பெரியவர்கள் சியுத பஞ்சம மத்தியமம் என்றே பெயர் வைத்தார்கள். இறங்கிய பஞ்சமம், ஆனால் மத்தியமம்: அளவையும் இடத்தையும் ஒரே பெயரில் சொல்லிவிட்ட அழகு அது.

ஆறாம் படி: எந்தப் பிரிப்பு முறைக்குள் நிற்கிறீர்கள்?

ஸ்தாயியைச் சம பங்காக வெட்டும் முறை ஒன்றுக்குள் வேலை செய்தால், பெயர் அந்த முறையைச் சார்ந்தது.

24 பங்கு என்றால் நமக்கு நினைவுக்கு வர வேண்டியவர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். அங்கிருந்தும் மலையாள எல்லை தூரமில்லை. தஞ்சாவூரில் வாழ்ந்து, 1917-இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரத்தில் ஸ்தாயிக்குச் சமமான 24 சுருதிகள் என்று வாதாடினார். ஒரு பங்கு 50 சென்ட். பஞ்சமம் 14 பங்கு. நியூட்ரல் காந்தாரம் சரியாக அதில் பாதி, 7 பங்கு, 350 சென்ட். அப்பத்தாவின் காந்தாரத்துக்கு இதைவிட நெருங்கிய வீடு 12 கட்டைக்குள் கிடைக்காது.

31 பங்கு முறையை 1691-இல் ஹாலந்துக்காரர் ஹைகன்ஸ் விளக்கினார். 1950-இல் அட்ரியான் ஃபோக்கர் அதற்கென்றே ஓர் ஆர்கன் அமைத்தார். அதில் 7, 8, 9, 10, 11 பங்குகள் முறையே சப்மைனர், மைனர், நியூட்ரல், மேஜர், சூப்பர்மேஜர் காந்தாரங்கள். ஐந்து குணத்துக்கும் ஒவ்வொரு இடம். கற்றுக்கொள்ளத் தொடங்குபவருக்கு இதுவே தெளிவான பள்ளிக்கூடம் என்பேன்.

22 சமபங்கில்தான் பொறி இருக்கிறது. அதில் பஞ்சமம் 13 பங்கு, 709 சென்ட், சற்றுப் பெரிது. நான்கு பஞ்சமம் ஏறினால் 436 சென்ட் வருகிறது. வம்சப்படி அதுதான் மேஜர். நாம் மேஜராகக் கேட்கும் 382 சென்ட் அதற்கு ஒரு பங்கு கீழே கிடக்கிறது; அதைக் கீழ்மேஜர் என்று எழுத வேண்டியிருக்கிறது. அளவுப்படி எழுதினால் அதே இரண்டும் சூப்பர்மேஜர், மேஜர். இங்கே எந்த வழியில் பெயர் சொல்கிறீர்கள் என்று எழுதாவிட்டால் படிப்பவர் தவறான ஒலியை வாசித்துவிடுவார்.

22 என்றதும் பலர் நம் 22 சுருதியை நினைத்துவிடுகிறார்கள். சிலப்பதிகார உரையில், பழந்தமிழ் ஏழு சுரங்களான குரல் முதல் தாரம் வரை 4, 4, 3, 2, 4, 3, 2 என்று அலகு சொல்லப்படுகிறது, கூட்டினால் 22. ஆனால் எண்ணிக்கை 22 என்பதால் ஒவ்வோர் அலகும் சமம் என்று ஆகிவிடாது. அதைச் சமபங்கு முறையின் அட்டவணையோடு ஒட்டவைக்கும் கட்டுரைகளை நம்பி உழைப்பை வீணாக்க வேண்டாம்.

ஏழாம் படி: கமகத்தை அளக்காதீர்கள்

கமகம் என்பது சுரத்தை அசைத்துப் பாடுவது. தோடி ராகத்தின் காந்தாரத்தை ஆப்பில் போட்டுச் சராசரி எடுத்து, ஏதோ ஓர் எண்ணைச் சொல்லி, "இதோ நியூட்ரல்" என்று காட்டினார் ஒரு நண்பர். அந்தக் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடுவது. ஆடுவதே அதன் உருவம். ஊஞ்சலின் சராசரி இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இப்படிப்பட்ட சுரத்துக்கு எந்த இடத்தில் தொடங்கி எங்கே திரும்புகிறது என்று இரண்டு எண் எழுதுங்கள், குணப்பெயர் கொடுக்காதீர்கள்.

பழக வேண்டுமென்றால் விளம்ப காலத்தில், அதாவது மெதுவாக, பாடியவர்களைக் கேளுங்கள். எங்கள் பாலக்காட்டு மஞ்சப்பராவில் பிறந்த எம்.டி. ராமநாதன் (1923–1984) பாடிய வேகத்தில், சுரம் எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று காது தானே பிரித்துக்கொள்ளும்.

எட்டாம் படி: எழுதி, வாசித்து, சரிபார்ப்பது

எழுதும்போது நான்கு விஷயம் இருக்கட்டும்: இடம், குணம், சென்ட், பெயரிட்ட வழி. தாலாட்டுக்கு நான் எழுதியது: "காந்தாரம்; நியூட்ரல்; 348, ஐந்து கூடக் குறைய; அளவுப்படி." விகிதத்தை எழுத ஆசைப்பட்டால் "11-க்கு 9-க்கு அருகில்" என்று எழுதலாம், அப்பத்தா 11-ஐயும் 9-ஐயும் நினைத்துப் பாடினார் என்று பொருள்படும்படி எழுதக் கூடாது. 386 காந்தாரம் தம்புராவோடு சேரும்போது அலை அடங்குவதைக் காதால் கேட்கலாம். 348-க்கு அப்படிப்பட்ட அடக்கம் கேட்காது. ஆகவே அங்கே விகிதம் வெறும் அடையாளக் குறிதான்.

வாசித்துப் பார்ப்பது கட்டாயம். வயலினில் விரலை நகர்த்தினால் போதும். நாதஸ்வரத்தில் துளையைப் பாதி மூடியும் சீவாளியில் அழுத்தத்தை மாற்றியும் பிடித்துவிடுவார்கள். கீபோர்டில் தனிச் சுரத்தின் சுருதியை மாற்றும் வசதி பல மாடல்களில் உண்டு. அரபு இசைக்காக வைத்தது. அந்தப் பெண்ணின் கீபோர்டில் சட்ஜத்தை 'சி'-யில் வைத்து, 'ஈ' கட்டையை 52 சென்ட் இறக்கினோம். பிறகு பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். கீழே 348, மேலே 352. இரண்டு பக்கமும் ஒரே அகலம் என்று அவளே சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து அப்பத்தாவை மறுபடி பாடவைத்துப் பதிந்தோம். இந்த முறை மடியில் உண்மையிலேயே குழந்தை இருந்தது, குரல் இன்னும் தாழ்ந்திருந்தது, சட்ஜம் 190 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருந்தது. காந்தாரம் 341. எண்ணைத் திருத்தினேன், நியூட்ரல் என்ற பெயரை மாற்றவில்லை.